டக்ட் சைஸ் எப்படி கண்டுபிடிக்கிறது? காத்து அளவும் ஸ்பீடும் வெச்சு ஒரு முழு கணக்கு

கேள்வி இதுதான்: 20 பேர் உக்கார்ற ஒரு ரூம், 8 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். மணிக்கு 600 கன மீட்டர் காத்த வெளிய எடுக்கணும். ஃபேன்ல இருந்து வெளி சுவர் வரைக்கும் டக்ட், அதாவது காத்து போற குழாய், 12 மீட்டர், நடுவுல 3 பெண்டு. ஃபேனோட வாய் 150 மில்லி, அப்ப டக்ட்டும் 150 மில்லியே போட்டுடலாமா, இல்ல இதுக்குன்னு தனியா கணக்கு இருக்கா?

கணக்கு இருக்கு, ஒரே ஒரு வரி தான். ஆனா அந்த ஒரு வரியில ஒரு நம்பரை நீங்களே முடிவு பண்ணித்தான் போடணும், அங்கதான் முக்கால்வாசி பேர் சறுக்குறாங்க. அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல 600 சரியான்னு பாத்துடுவோம், ஏன்னா இந்த நம்பர் தப்பா இருந்தா பின்னாடி போடுற எல்லா கணக்கும் வேஸ்ட். ஆள் கணக்குல ஒரு ஆளுக்கு செகண்டுக்கு 8ல இருந்து 10 லிட்டர் காத்துன்னு எடுப்பாங்க, 20 பேருக்கு 8.3 லிட்டர்னு வெச்சா செகண்டுக்கு 167 லிட்டர், அதை 3.6ஆல பெருக்கினா மணிக்கு 600 கன மீட்டர். ரூம் கணக்குல பாத்தா 8 × 6 × 3 = 144 கன மீட்டர், 600ஐ இதால வகுத்தா மணிக்கு 4 தடவைக்கு கொஞ்சம் மேல ரூம் காத்து மொத்தமா மாறுது. ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கு, 600 ஓகே.

இங்கயே யூனிட் விஷயத்தையும் சொல்லிடறேன். ஒரு கேட்லாக்ல லிட்டர்/செகண்ட், இன்னொண்ணுல கன மீட்டர்/மணி, மூணாவதுல சிஎஃப்எம்னு (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி) இருக்கும், மூணையும் கலந்து போட்டு டக்ட்டை ரெண்டு மடங்கு சின்னதா அடிச்சவங்கள பாத்திருக்கேன். 1 சிஎஃப்எம்னா மணிக்கு 1.7 கன மீட்டர், அப்ப உங்க 600ங்கிறது சுமார் 350 சிஎஃப்எம். செகண்டுக்கு 1 மீட்டர் வேகம்னா நிமிஷத்துக்கு 197 அடி. இந்த ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க, போதும்.

இப்ப அந்த ஒரு வரி. டக்ட்டோட பரப்பு = காத்து அளவு ÷ வேகம். காத்து செகண்டுக்கு எத்தனை கன மீட்டர்னு இருக்கணும், வேகம் செகண்டுக்கு எத்தனை மீட்டர்னு இருக்கணும், வர்றது சதுர மீட்டர். உங்க 600ஐ 3600ஆல வகுத்தா 0.167, வேகம் 5னு வெச்சா 0.0333 சதுர மீட்டர். உருண்டை டக்ட்டுன்னா இதுல இருந்து விட்டம் எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் பை எல்லாம் போட்டுட்டு இருக்க வேணாம், நான் எப்பவும் பயன்படுத்துற குறுக்கு வழி இது: மணிக்கு எத்தனை கன மீட்டரோ அதை வேகத்தால வகுங்க, வர்க்கமூலம் எடுங்க, 18.8ஆல பெருக்குங்க, விட்டம் நேரா மில்லிமீட்டர்ல வந்துடும். 600 ÷ 5 = 120, வர்க்கமூலம் 10.95, 18.8ஆல பெருக்கினா 206 மில்லி. அடி, இஞ்ச்ல வேலை பண்றவங்களுக்கும் அதே தான், 350 சிஎஃப்எம்மை நிமிஷத்துக்கு 1000 அடியால வகுத்தா 0.35 சதுர அடி, அதாவது 50 சதுர இஞ்ச், அது 8 இஞ்ச் உருண்டை. ரெண்டு பக்கமும் ஒரே பதில் வருதா, அப்ப கணக்கு சரி.

206 மில்லி டக்ட் ரெடிமேடா கிடைக்காது. உருண்டை டக்ட் சாதாரணமா 100, 125, 160, 200, 250, 315, 400னு தான் வரும். 200 எடுத்தா பரப்பு 0.0314, அதுல 600 போனா உண்மையான வேகம் 5.3. 250 எடுத்தா 3.4. சைஸ் முடிவு பண்ணதுக்கு அப்புறம் வேகத்தை இப்படி திருப்பி போட்டு பாக்கணும், இதை யாரும் பண்றதில்ல, ஆனா இனிமே வர்ற பிரஷர் கணக்கு எல்லாம் இந்த திருப்பி போட்ட வேகத்துல தான் நிக்குது.

சரி, அந்த 5 எங்கிருந்து வந்துச்சு? நான் தான் வெச்சேன். காத்து அளவை ரூம் சொல்லும், ஆனா வேகத்தை நாம தான் தேர்ந்தெடுக்கணும். ஆளுங்க உக்கார்ற இடத்துக்கு மெயின் டக்ட்ல 4ல இருந்து 6, கிளை டக்ட்ல 3ல இருந்து 4, கிரில்லுக்கு (ரூம்ல காத்து போற வாயில மாட்டுற கம்பித் தட்டு) கடைசியா போற துண்டுல 2ல இருந்து 3, இந்த அளவுல வெச்சா நிம்மதியா தூங்கலாம். படுக்கை ரூம், ரெக்கார்டிங் ரூம் மாதிரி இடம்னா இதைவிடவும் குறைக்கணும்.

ஏன் இவ்வளவு கம்மினு கேப்பீங்க, சின்ன டக்ட்ல வேகமா தள்ளினா இடம் மிச்சம், தகடும் மிச்சம் தானே. இங்கதான் மொத்த விஷயமும் இருக்கு. காத்து ஓடும்போது அதோட வேகத்தால ஒரு பிரஷர் வருது, வேகத்தை வேகத்தாலயே பெருக்கி 0.6ஆல பெருக்கினா அது பாஸ்கல்ல வரும், சாதாரண ரூம் காத்துக்கு இது போதும். 5 மீட்டர் வேகத்துல 15 பாஸ்கல், 10 மீட்டர்ல 60 பாஸ்கல். வேகம் ரெண்டு மடங்கு, பிரஷர் நாலு மடங்கு. டக்ட் உள் சுவத்துல உரசுறதுல போற நஷ்டம், பெண்டுல திரும்புறதுல போற நஷ்டம், கடைசில வெளிய கொட்டும்போது போற நஷ்டம், எல்லாமே இந்த நம்பரோட மடங்கு தான். அதே காத்து அளவுக்கு விட்டத்தை பாதியாக்கினா உரசல் நஷ்டம் சுமாரா 32 மடங்கு ஆகும். நான் எழுத்துப் பிழை எதுவும் விடல, 32 தான், விட்டத்தை அஞ்சு தடவை பெருக்குற கணக்கு அது.

உங்க 12 மீட்டரையே எடுத்து பாத்துடலாம். ஜிஐ தகடு (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) உருண்டை டக்ட்டுன்னு வெச்சுக்கறேன்.

150 மில்லி: வேகம் 9.4. வேக பிரஷர் 53 பாஸ்கல். மீட்டருக்கு 7.5 பாஸ்கல் உரசல்ல போகும், 12 மீட்டருக்கு 90. மூணு பெண்டும் சதுரமா ஒடிச்ச மாதிரி கூர்மையான பெண்டுன்னா ஒவ்வொண்ணும் வேக பிரஷரை விட 1.2 மடங்கு தின்னும், 64 பாஸ்கல் வீதம் மூணுக்கு 192. வெளிய கொட்டும்போது இன்னொரு 53. மொத்தம் 335 பாஸ்கல், இன்னும் கிரில், வெளி சுவத்துல மாட்டுற லூவர் (சாய்வு பட்டை வெச்ச மூடி) எதுவும் சேக்கல.

200 மில்லி: வேகம் 5.3, மீட்டருக்கு 1.8, 12 மீட்டருக்கு 22. பெண்டை நல்லா வளைவா போட்டா, அதாவது வளைவோட நடுக்கோடு ஆரம் விட்டத்தை விட ஒன்றரை மடங்குன்னு வெச்சா, வேக பிரஷர்ல 0.2 மடங்கு தான் போகும், மூணுக்கும் சேத்தே 10. வெளிய கொட்டுறது 17. மொத்தம் 49, 50னு வெச்சுக்கங்க.

250 மில்லி: மீட்டருக்கு வெறும் 0.6. எல்லாம் சேத்து 18 பாஸ்கல்.

335, 50, 18. காத்து அதே 600 தான், தூரமும் அதே 12 மீட்டர் தான். பெண்டு விஷயத்தையும் கவனிங்க, 150 டக்ட்லயே அந்த மூணு பெண்டை மட்டும் வளைவா மாத்தினா 192 பாஸ்கல் 32க்கு இறங்கிடும். டக்ட் சைஸ் மாத்த முடியாத இடத்துல இருக்குறவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

இப்ப ஃபேன் பக்கம் வருவோம், உங்க கேள்விலயே ஒளிஞ்சிருக்குற பிரச்சனை இதுதான். ஃபேன் பெட்டில 600னு எழுதியிருந்தா அது முன்னாடி பின்னாடி எந்த எதிர்ப்பும் இல்லாம காத்துல தொங்க விட்டு ஓட்டின அளவு. டக்ட்டை மாட்டின நொடியில இருந்து அது 600 தராது. கேட்லாக்ல ஒரு வளைகோடு இருக்கும், ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் பிரஷர், அதுல உங்க டக்ட் கேக்குற பிரஷர்ல எத்தனை காத்துன்னு தான் பாக்கணும். டக்ட்டுக்கு 50, கிரில்லுக்கும் லூவருக்கும் சேத்து 25னு வெச்சா 75 பாஸ்கல்ல 600 தர்ற ஃபேன் தேடுங்க. சுவத்துல ஓட்டை போட்டு மாட்டுற ஆக்சியல் ஃபேன் டக்ட்டுக்கு சரிப்படாது, டக்ட்டுக்கு நடுவுலயே மாட்டுற இன்லைன் ஃபேனா பாருங்க. அப்புறம் பெரிய ஃபேனா மாத்தினா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, அதே டக்ட்ல 20 சதவீதம் காத்து கூட வேணும்னா பிரஷர் 44 சதவீதம் கூடணும், மோட்டார் பவர் 73 சதவீதம் கூடணும், அதெல்லாம் மாசா மாசம் கரண்ட்ல கட்டிட்டே இருக்கணும்.

ஃபேன் வாய் 150ங்கிறதுக்காக டக்ட்டும் 150 வேணும்னு அவசியமே இல்ல. ஃபேன் வாயில இருந்து 250க்கு ஒரு டேப்பர் துண்டு போடுங்க, பக்கத்துக்கு 50 மில்லி தான் விரியுது, அதை 300 மில்லி நீளத்துலயாவது மெதுவா விரிய விடுங்க. டக்குனு படிக்கட்டு மாதிரி விரிஞ்சா காத்து சுவத்த விட்டு பிரிஞ்சு சுத்திக்கிட்டே நிக்கும். அதே மாதிரி ஃபேன் வாய தாண்டினதும் உடனே பெண்டு வேணாம், விட்டத்துக்கு ரெண்டு மூணு மடங்கு நேர் டக்ட் விட்டுட்டு அப்புறம் திருப்புங்க.

சத்தத்தை பத்தியும் சொல்லணும், ஏன்னா கடைசில எல்லாரும் கம்ப்ளைன்ட் பண்றது அதுதான். பெண்டுலயும் டேம்பர்லயும் (டக்ட்டுக்குள்ள காத்த கூட்டிக் குறைக்கிற தகடு) காத்து சுழல்றதால வர்ற சத்தம் வேகம் ரெண்டு மடங்கானா 15 டெசிபலுக்கு மேல கூடும். 9.4ல ஓடுற டக்ட்டுக்கு கீழ 20 பேர் உக்காந்து பேச முடியாது, ரெண்டாவது நாளே யாராவது சுவிட்ச ஆஃப் பண்ணிடுவாங்க. ஆஃப் பண்ணின ஃபேன் எத்தனை கன மீட்டர் எடுக்கும்? அதனால தான் சத்தத்தை நான் பிரஷருக்கு சமமா வெச்சு பாக்குறேன்.

உருண்டை டக்ட்டுக்கு உயரம் பத்தல, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இடம் இல்லன்னா செவ்வக டக்ட் போடலாம், ஆனா பரப்பு மட்டும் சமமா இருந்தா போதும்னு நெனச்சிடாதீங்க. 250 × 200ம் 500 × 100ம் ஒரே பரப்பு தான், 0.05 சதுர மீட்டர். ஆனா உரசல் கணக்குல மொதல் டக்ட் 244 மில்லி உருண்டைக்கு சமம், ரெண்டாவது 227 மில்லிக்கு தான் சமம், மீட்டருக்கு நஷ்டம் 40 சதவீதத்துக்கு மேல கூடும். தகடும் பாருங்க, 250 உருண்டையை சுத்தி வர 0.785 மீட்டர் தகடு, 250 × 200க்கு 0.9, 500 × 100க்கு 1.2 மீட்டர். தட்டையா போகப்போக தகடு அதிகம், காத்து கம்மி, மேல தகடு படபடன்னு அடிக்கிற சத்தம் வேற. அகலம் உயரத்த விட நாலு மடங்குக்கு மேல போகாம பாத்துக்கங்க.

ஃப்ளெக்ஸ் டக்ட், அதாவது வளையிற மடிப்புக் குழாய், போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஒரு இடத்துல ரெண்டு தடவை ஃபேன் மாத்தியும் காத்து வரலன்னு கூப்பிட்டாங்க. கிரில்ல ஒரு டிஷ்யூ பேப்பர வெச்சா ஒட்டல, கீழ விழுந்துடுச்சு. சீலிங் பலகைய தூக்கி டார்ச் அடிச்சு பாத்தா, பெட்டியில வந்த ஃப்ளெக்ஸ் டக்ட்டை வெட்டாம முழுசா உள்ள திணிச்சிருக்காங்க, தேவை நாலு மீட்டர், கிடக்குறது பத்து மீட்டர், மலைப்பாம்பு மாதிரி சுத்தி சுத்தி போகுது, ஒரு இடத்துல கம்பி போட்டு இறுக்கி தொங்க விட்டதுல நடுவுல கையளவுக்கு இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கு. மிச்சத்த வெட்டி எடுத்து, மீதிய நல்லா இழுத்து, கம்பிக்கு பதில் அகலமான பட்டை வெச்சு தாங்கினோம், ஃபேன் அதே தான், அந்த டிஷ்யூ பேப்பர் கிரில்ல பச்சக்குனு ஒட்டிக்கிச்சு. இழுக்காத ஃப்ளெக்ஸ்ல உள்ள மடிப்பு மடிப்பா நிக்கும், ஒவ்வொரு மடிப்பும் காத்த பிடிச்சு நிறுத்தும், நஷ்டம் பல மடங்கு ஏறிடும். அதனால கிரில்லுக்கு முன்னாடி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் போடுங்க, நல்லா இழுத்து போடுங்க, 12 மீட்டரும் ஃப்ளெக்ஸ்லயே ஓட்டாதீங்க.

கிளை பிரிக்கிறதா இருந்தா, உதாரணத்துக்கு 4 கிரில், ஒவ்வொண்ணுக்கும் 150 கன மீட்டர். 150 ÷ 3 = 50, வர்க்கமூலம் 7.07, 18.8ஆல பெருக்கினா 133 மில்லி. 125 எடுத்தா வேகம் 3.4, 160 எடுத்தா 2.1. இந்த ரூமுக்கு 125 போதும், படுக்கை ரூமா இருந்தா 160 போட்டிருப்பேன். ஃபேனுக்கு பக்கத்துல இருக்குற கிளை தான் காத்த அதிகமா இழுக்கும், கடைசி கிளை பட்டினி கிடக்கும், அதனால ஒவ்வொரு கிளைலயும் ஒரு டேம்பர் கண்டிப்பா வேணும், அதை கிரில்ல விட்டு தள்ளி, கிளை பிரியிற இடத்துக்கு பக்கத்துல வைங்க, இல்லன்னா டேம்பர் விசில் அடிக்கிறது நேரா ரூமுக்குள்ள கேக்கும். ஒரே கிரில் தான்னா கிரில் சைஸயும் இதே ஒரு வரிக் கணக்குல பாருங்க. 400 × 400 கிரில்ல 60 சதவீதம் திறப்புன்னா 0.096 சதுர மீட்டர், 600க்கு வேகம் 1.7, நல்லது. 300 × 300 போட்டா 3.1 ஆகும், இரைச்சல் கேக்க ஆரம்பிக்கும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சுத்தமான காத்துக்கு. மரத்தூள், தூசி இழுக்குற டக்ட்டுன்னா நியாயமே தலைகீழ். அங்க பெரிய டக்ட் போட்டா தூசி கீழ படிஞ்சு அடைச்சுக்கும், மரத்தூளுக்கு 18ல இருந்து 20 மீட்டர் வேகமாவது வேணும், கனமான தூசின்னா அதுக்கும் மேல. வெல்டிங் புகைக்கு 10ல இருந்து 13. இங்க ரவுண்ட் பண்ணும்போது அடுத்த சின்ன சைஸுக்கு தான் போகணும், பெரிய சைஸுக்கு போகக்கூடாது. ஹோட்டல் கிச்சன் புகைக்கும் குறைஞ்சபட்ச வேகம்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காவோட தீ பாதுகாப்பு சங்கமான என்எஃப்பிஏ போட்ட 96ங்கிற விதியில ரொம்ப காலம் நிமிஷத்துக்கு 1500 அடின்னு இருந்துச்சு, 2002 பதிப்புல 500 அடியா குறைச்சாங்க, அதாவது 2.5 மீட்டர். கிச்சன் டக்ட்டுக்கு தகடு கனம், வெல்டிங், தீ பாதுகாப்புன்னு தனி விதிகள் இருக்கு, அதுக்கு இந்த பதில மட்டும் நம்பி இறங்க வேணாம்.

இன்னொண்ணு, இது நீங்க கேக்கவே இல்ல, ஆனா சொல்லாம விட மனசு வரல. 600 வெளிய போகுதுன்னா 600 உள்ள வரணும். எங்கிருந்து வருது? கதவுக்கு கீழ இருக்குற இடுக்குல வந்துடும்னு விட்டுடுவாங்க. அதே கணக்க போடுங்க: கதவு அகலம் 900 மில்லி, இடுக்கு 10 மில்லி, பரப்பு 0.009 சதுர மீட்டர், 0.167ஐ இதால வகுத்தா செகண்டுக்கு 18.5 மீட்டர் வேகம். அந்த இடுக்குல அவ்வளவு வேகமா இழுக்க 500 பாஸ்கலுக்கு மேல வேணும், நீங்க வாங்கப்போற ஃபேனால முடியவே முடியாது, கதவு இழுத்து திறக்க முடியாம இறுகிக்கும், காத்து பாதி கூட போகாது. டக்ட்ட எவ்வளவு அழகா போட்டாலும் இது ஒண்ணே கவுத்துடும். 2 மீட்டர் வேகத்துக்கு 0.083 சதுர மீட்டர் திறப்பு வேணும், அதாவது கம்பி, ஜாலி மறைக்கிறது போக 300 × 300 அளவுக்கு சுத்தமான வழி, அதுவும் வெளிய இழுக்குற கிரில்லுக்கு எதிர் மூலையில.

அப்ப உங்க ரூமுக்கு நான் போடுறது: மெயின் 250 உருண்டை, இடம் பத்தலன்னா 200, அதுக்கு கீழ வேணாம். மூணு பெண்டும் வளைவு பெண்டு. ஃபேன் 250 டக்ட்டுக்கு 50 பாஸ்கல்ல 600, 200 டக்ட்டுக்கு 75 பாஸ்கல்ல 600. மாட்டி முடிச்சதும் ஒரு அனிமோமீட்டர் (காத்து வேகம் அளக்குற கருவி) வாங்கியோ இரவல் வாங்கியோ அளந்துடுங்க, நேர் டக்ட்ல ஓட்டை போட்டு அளக்கும்போது நடுவுல மட்டும் வெச்சு பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க, நடுவுல வேகம் அதிகமா தான் காட்டும், சராசரி அதைவிட 10ல இருந்து 20 சதவீதம் கம்மியா இருக்கும். ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஏழெட்டு இடத்துல, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு திசையில அளந்து சராசரி எடுங்க. 250ல சராசரி 3.4 வந்தா 600 வந்தாச்சு. 2.5 தான் வருதுன்னா, மொதல்ல கதவ திறந்து வெச்சுட்டு இன்னொரு தடவை அளந்து பாருங்க.